சீரில் வந்த உளி

திவ்யாவின் சீர்வரிசையோடு சிவப்பு நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டியும் வந்து இறங்கியபோது, உள்ளே வெள்ளிச் சாமான் இருக்கும் என்றுதான் மாமியார் சீனியம்மாள் நினைத்தாள். தூக்கி வந்த ஆள் மூச்சு வாங்கிய விதம் அப்படி. கட்டில், பீரோ, கிரைண்டர், பித்தளை அண்டா, குத்துவிளக்கு என்று ஆனையூர் வீட்டின் முன்னறை நிறையப் பரப்பி வைத்திருந்தும், வந்திருந்த பெண்கள் அந்தப் பெட்டியைத்தான் சுற்றி நின்றார்கள். சீனியம்மாளின் நாத்தனார் ராமக்காளுக்குப் பொறுமை கிடையாது. கொக்கியைத் தட்டிவிட்டு மூடியைத் தூக்கிவிட்டாள்.

சுத்தியல் இருந்தது. ஸ்பேனர்கள், கட்டிங் பிளேயர், விதவிதமான ஸ்க்ரூ டிரைவர்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காக்கித் துணிப்பை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ராமக்காள் அதையும் பிரித்தாள். இரும்புக் கம்பிகளைத் துண்டு துண்டாக நறுக்கியதுபோல் சில கருவிகள், தட்டை வாயுள்ள ஒரு கனத்த உளி, மரப்பிடி போட்டுப் பளபளவென்று தீட்டிய இன்னொரு உளி.

"உளியையா சீராக் குடுத்து விடுவாக?" என்றாள் ராமக்காள், அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பொண்ணு வாழ வருதா, வெட்டி எடுக்க வருதா?"

பெண்ணின் தாய் நாகஜோதிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அவ சம்பளத்துல அவளே வாங்குனது மதினி. சீரோட வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல" என்று சீனியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணப் புடவையோடு அந்தப் பக்கம் வந்த திவ்யா, எதற்குக் கூட்டம் என்று எட்டிப் பார்த்தாள். சீனியம்மாள் அந்தக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டி, "இது என்னத்தா?" என்று கேட்டாள்.

"பஞ்ச் அத்தை."

"பஞ்சா? இரும்பாட்டமுல்ல இருக்கு!"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். திவ்யாவும் சிரித்தாள். "அந்தப் பஞ்சு இல்ல அத்தை. மாட்டிக்கிட்ட பின்னு, கம்பி இதெல்லாம் தட்டி வெளிய தள்றது. அதுக்குப் பேரு பஞ்ச்" என்றாள். சிரிப்போடு அன்றைக்கு அந்தப் பேச்சு அமுங்கியது. ஆனால் சீனியம்மாளின் மனதில் அமுங்கவில்லை.

அவளுக்குக் கருவிகள் மேல் ஒன்றும் பகை இல்லை. வீடு என்றிருந்தால் ஒரு சுத்தியலும் குறடும் டெஸ்டரும் வேண்டும். பிஸ்கட் டின் ஒன்றில் அவையெல்லாம் அவளிடமும் இருந்தன. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆள் இருக்கிறார்கள். குழாய்க்குப் பிளம்பர், கதவுக்கு ஆசாரி. உளி ஆசாரி வீட்டுச் சாமான். அதைக் குடித்தனம் நடத்துகிற வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது, அதுவும் புதுப்பெண் கையால் கொண்டுவந்து வைப்பது, அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

திவ்யா பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். கப்பலூரில் தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. காலையில் கம்பெனி வண்டி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தால் ஓடுவாள். வந்த சில வாரங்களிலேயே அடுப்படிக் குழாயின் ஒழுக்கு நின்றது, மிக்ஸி சத்தம் குறைந்தது, பீரோக் கதவு கிறீச்சிடுவதை விட்டது. சீனியம்மாளுக்கு அதெல்லாம் சந்தோஷம்தான். பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமையும் பட்டுக்கொண்டாள். ஆனால் எதற்கும் உளி தேவைப்படவில்லை என்பதையும் அவள் கவனித்துக்கொண்டே வந்தாள்.

ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது கேட்டும்விட்டாள். "அந்த உளியையும் பஞ்சையும் எதுக்குத்தான் வச்சிருக்க?"

"எப்பவாச்சும் வேணும்ல அத்தை. ஸ்க்ரூ தலை தேஞ்சு போச்சுன்னா, இரும்பு துருப்பிடிச்சு மாட்டிக்கிருச்சுன்னா..."

"அப்ப ஆசாரியக் கூப்பிட வேண்டியதுதான்."

"ஆசாரி வார வரைக்கும்?"

"காத்துக் கெடக்க வேண்டியதுதான். நாங்க இம்புட்டு நாளும் அப்படித்தான கெடந்தோம்."

மகன் ராம்கி சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அம்மா சொல்றது சரிதான். வருஷத்துக்கு ஒருவாட்டி வேண்டியதெல்லாம் வீட்டுல வச்சா வீடு சரக்குக் கிட்டங்கி ஆயிரும்" என்றான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகுது, விடும்மா" என்றும் சொன்னான். சீனியம்மாளின் கணவர் அழகுபாண்டி எந்தப் பக்கமும் பேசவில்லை. அவருக்கு அப்பளம் வேண்டியிருந்தது.

ஆவணி கடைசியில் ராம்கி அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில் வண்டி சறுக்கி விழுந்தான். ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன ஜல்லி வளைவில் கிடந்திருக்கிறது. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுப்போய், மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் உட்கார்ந்தான். தலைக்கவசம் இருந்ததால் தப்பித்தான் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து சீனியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த ராமக்காள், தம்பி மகனின் கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சீனியம்மாளை அடுப்படிக்குள் கூட்டிப் போனாள்.

"அன்னைக்கே சொன்னேன்ல சீனி. சீரோட வெட்டு இரும்பு வந்துச்சு. வந்த வருசம் திரும்புறதுக்குள்ள பிள்ளை கை ஒடிஞ்சு உக்காந்திருக்கான்."

"ரோட்டுல ஜல்லி கெடந்துச்சு மதினி."

"அந்த ரோட்டுல அம்புட்டுப் பேரு போறான். இவன் மட்டும் ஏன் விழுந்தான்? நான் சொல்றதைச் சொல்லிட்டேன். தூக்கித் தூர எறி. அப்புறம் உன் இஷ்டம்."

ராமக்காள் போய்விட்டாள். சொன்னது போகவில்லை. சீனியம்மாள் படித்தவள் இல்லையே தவிர, எல்லாவற்றையும் நம்புகிறவளும் இல்லை. ஆனால் அடிபட்டது மகன். மாவுக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம், கைக்குப் பதில் தலையாக இருந்திருந்தால் என்று ஓர் எண்ணம் வந்து நின்றது. திவ்யா வேலைக்குப் போன பிறகு ஒரு பகலில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சிவப்புப் பெட்டியைத் திறந்து காக்கிப் பையை எடுத்தாள்.

எறியத்தான் நினைத்தாள். குப்பை வண்டி வந்து நின்றபோது கை வரவில்லை. ஒருத்தி உழைத்து வாங்கிய பொருள். யாருக்காவது கொடுக்கலாம் என்றால் கேள்வி வரும். கடைசியில் பின்பக்கத்துக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். உள்ளே தலைக்கு மேல் ஒரு சிமென்ட் பலகை உண்டு. புழங்காத ஈயச்சட்டி, ஓட்டைத் தவலை எல்லாம் அங்கேதான் கிடக்கும். துவைக்கிற கல்லின் மேல் ஏறி, தவலைக்குள் பையைப் போட்டு, மேலே ஒரு சாக்கை வைத்து மூடினாள். வீட்டுக்குள்ளும் இல்லாமல் வெளியேயும் போகாமல், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று அவளுக்கு ஒரு சமாதானம்.

அதன் பிறகு ராம்கிக்குக் கை கூடிவிட்டது. கட்டைப் பிரித்து, அவன் பழையபடி வேலைக்குப் போக ஆரம்பித்தான். சீனியம்மாள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எலும்பு தானாகக் கூடியதா, பையை இடம் மாற்றியதால் கூடியதா என்று தன்னிடமே அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அது நடந்தது. திவ்யாவுக்கு வார விடுமுறை நாள். ஆண்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போயிருந்தார்கள். திவ்யா மாடித் தகரக் கொட்டகையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் தலைக்குக் குளித்து முடித்து, தாழ்ப்பாளை இழுத்தாள். மழையில் ஊறி இறுகிக் கிடந்த தாழ்ப்பாள் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். குமிழ் மட்டும் கையோடு வந்துவிட்டது. இழுத்த வேகத்தில் பின்னால் சாய்ந்தவள், கொடியில் போட்டிருந்த மாற்றுச் சேலையைப் பிடிக்க, சேலையும் தானுமாக வாளித் தண்ணீரில் போய் விழுந்தாள். கணுக்கால் பிசகிச் சுளீரென்றது.

எழுந்து கதவைத் தட்டினாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குமிழ் ஒடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நெல்மணி அளவுக்குத்தான் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. நகத்துக்கு அகப்படவில்லை. திடீரென்று அந்த அறை சின்னதாகிப் போனது போல் இருந்தது. தோட்டத்தில் பாம்பை அடித்தவள், ஆஸ்பத்திரியில் தனியாக இரவு காத்தவள், இப்போது நாலு சுவருக்குள் நின்றுகொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். "திவ்யா! ஏத்தா திவ்யா!" என்று அவள் போட்ட சத்தம் அவளுக்கே யாரோ கத்துவதுபோல் இருந்தது.

மழை சற்று ஓய்ந்த பிறகுதான் திவ்யா காதில் விழுந்தது. ஓடி வந்தாள். "என்னாச்சு அத்தை?"

"தாப்பா ஒடிஞ்சு போச்சுத்தா. கதவு தெறக்க மாட்டேங்குது. கால் வேற பிசகிருச்சு."

திவ்யா தோளைக் கொடுத்து முட்டினாள். காலால் உதைத்தாள். பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த வாசற்கதவைத்தான் வெட்டிச் சின்னதாக்கி அழகுபாண்டி அங்கே மாட்டியிருந்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"பக்கத்துல கட்டட வேலை நடக்குது அத்தை. அந்த அண்ணன்மாரைக் கூப்பிடவா? கடப்பாரை வச்சிருப்பாங்க."

"வேணாம்த்தா!" சீனியம்மாள் அலறிவிட்டாள். மார்போடு கட்டிய ஈரப் பாவாடையைத் தவிர அவள் மேல் ஒன்றும் இல்லை. "நான் நிக்கிற நெலமைக்கு ஒரு ஆம்பளையும் இங்க வரக்கூடாது."

"சரி, யாரும் வர மாட்டாங்க. பின்னாடி வாரேன், இருங்க."

குளியலறைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகிற சந்து உண்டு. அங்கே ஸ்டூலைப் போட்டு ஏறி, உயரத்தில் இருந்த சின்னச் சன்னலின் கண்ணாடிச் சட்டங்களைத் திவ்யா ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். அவளுடைய நனைந்த முகம் அங்கே தெரிந்ததும் சீனியம்மாளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முதலில் ஒரு நைட்டி உள்ளே வந்து விழுந்தது. பிறகு துப்பட்டாவில் கட்டிய ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் இறங்கி வந்தன.

"தாப்பாளைக் கதவோட பிடிச்சு வச்சிருக்க ஸ்க்ரூ இருக்கும் பாருங்க. அதைக் கழட்டிட்டாப் போதும்."

சீனியம்மாள் நைட்டியை மாட்டிக்கொண்டு முயன்றுபார்த்தாள். ஸ்க்ரூ எல்லாம் துருவேறித் தலை தெரியாமல் போயிருந்தது. டிரைவரின் நுனி நிற்க இடமில்லாமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. "ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது. தலையே இல்லத்தா."

"குமிழ் ஒடிஞ்ச எடத்துல ஏதாச்சும் நீட்டிக்கிட்டு இருக்கா?"

"இம்புட்டுக்காணி இருக்கு."

"அப்ப கவலைய விடுங்க. உளியும் பஞ்சும் இருந்தா நீங்களே தெறந்துரலாம். எடுத்துட்டு வாரேன்."

முகம் மறைந்தது. சீனியம்மாள் துவைக்கிற கல்லில் மெல்ல உட்கார்ந்தாள். தலைக்கு மேல் தவலை இருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாடிப்படிப் பக்கம் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. சாமான்களை அள்ளித் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

திவ்யா திரும்பி வந்தாள். "அத்தை, அந்தப் பையைக் காணோம். அவரு எங்கயாச்சும் எடுத்து வச்சாரான்னு தெரியல. போன் பண்ணிக் கேக்குறேன்."

கேட்கட்டும் என்று விட்டிருக்கலாம். ராம்கி தெரியாது என்பான். அப்புறம் ஆசாரிக்குச் சொல்லி, அவன் வந்து கதவை உடைப்பான். பை தவலையிலேயே கிடக்கும். சீனியம்மாளின் மனதில் அப்படியும் ஓடியது. ஆனால் கணுக்கால் வீங்கிக்கொண்டு வந்தது. மேலே சன்னலில், தன் மேல் துளியும் சந்தேகம் இல்லாமல் ஒரு முகம் நனைந்துகொண்டு நின்றது.

"போன் பண்ணாத" என்றாள். "இங்கதான் இருக்கு."

"எங்க?"

"இங்கன, பரண் மேல. தவலைக்குள்ள. நான்தான் வச்சேன்."

திவ்யா முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எட்டுமா உங்களுக்கு? கால் வழுக்காமப் பாத்து ஏறுங்க" என்றாள். குரலில் முன்பிருந்த இதம் இல்லை. வேலை செய்கிற இடத்தில் இப்படித்தான் பேசுவாள்போல என்று சீனியம்மாளுக்குத் தோன்றியது.

நல்ல காலை ஊன்றிக் கல் மேல் ஏறிப் பையை எடுத்துப் பிரித்தாள். கைக்கு வந்தது மரப்பிடி உளி. அதை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். ணங்கென்று கை அதிர்ந்தது. பளபளத்த வாயில் ஒரு சில்லு பெயர்ந்து எங்கோ தெறித்தது.

"அது மரத்துக்கு உள்ளது அத்தை!" திவ்யா மேலே இருந்து கத்தினாள். "இரும்புல வைக்கக் கூடாது. அதைக் கீழ வச்சுருங்க. பிடி இல்லாம முழுசா இரும்பா ஒண்ணு இருக்கும், தட்டை வாயா. கண்ணுல தெறிக்காம முகத்தை ஒதுக்கிக்கங்க."

அது கிடைத்தது. கனமாக, கையடக்கமாக இருந்தது.

"குமிழ் ஒடிஞ்ச எடத்துல அதைச் சாய்ச்சு வச்சு ஒரு வெட்டு போடுங்க. பஞ்ச் நிக்கிறதுக்கு ஒரு படி வேணும். அவ்வளவுதான்."

சீனியம்மாளுடையது கரும்பு வெட்டிய கை. குறி தவறாது என்றுதான் நினைத்தாள். முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைப் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். துரு தூளாய் உதிர்ந்தது. விரலால் தடவினால் இப்போது இரும்பில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டது.

"விழுந்துருச்சுத்தா."

"இப்ப பஞ்ச்சை எடுங்க. கூரா இருக்குறது இல்ல, நுனி மொட்டையா இருக்குறது. அந்தப் பள்ளத்துல ஊனி, தாப்பா வெளிய வார பக்கமாத் தட்டுங்க. வேகமா வேணாம். ஒரே சீராத் தட்டுங்க."

தட்டினாள். அசையவில்லை. தட்டினாள். அவள் கைக்குத் தெரிந்தது, உள்ளே எதுவோ இறுக்கம் விடுவது. பிறகு கண்ணுக்கும் தெரிந்தது. துருப்பிடித்த கம்பியில் ஒரு நூல் அளவுக்குப் புதிய இரும்பு பளிச்சென்று வெளியே வந்தது. "வருதுத்தா, வருது!" என்றாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கம்பி மெல்ல மெல்ல நகர்ந்து, நிலையை விட்டுக் கழன்றதும் கதவு தானாகவே ஒரு விரற்கடை உள்ளே சாய்ந்தது.

திவ்யா சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். மாமியாரின் தோளில் கை கொடுத்து நடத்திப் போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். காலில் ஐஸ் வைத்தாள். கட்டைவிரலைப் பார்த்து எலும்பில் ஒன்றுமில்லை என்றாள். காப்பித்தூள் இல்லையென்று டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல அத்தை. வேணாம்னு சொல்லியிருந்தா நானே கம்பெனியில கொண்டுபோய் வச்சிருப்பேன்."

சீனியம்மாள் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவன் கை ஒடிஞ்சப்ப ராமக்கா மதினி ஒரு வார்த்தை சொல்லிப்புட்டாக. எனக்குப் பயம் வந்துருச்சு. உன்கிட்ட என்னன்னு கேக்க? உன் சாமானால என் பிள்ளை விழுந்தான்னு கேக்கச் சொல்றியா?"

"அப்படித்தான நெனச்சீங்க?"

"நெனச்சேன்."

திவ்யா எழுந்து போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது. சீனியம்மாள் கூப்பிடவில்லை. கோபப்பட அவளுக்கு நியாயம் இருக்கிறது; தணிகிறபோது தணியட்டும் என்று இருந்துவிட்டாள்.

மாலையில் ராம்கி வந்து காலைப் பார்த்துப் பதறினான். "தாப்பா ஒடிஞ்சிருச்சு. அத்தையே உளி வச்சுத் தட்டித் தெறந்துட்டாங்க" என்று மட்டும் திவ்யா சொன்னாள். பை எங்கே இருந்தது என்று சொல்லவில்லை. மருமகள் மறைத்துப் பேசியது, காலையில் அவள் கேட்ட கேள்வியைவிடச் சீனியம்மாளைக் கூடுதலாகச் சுட்டது.

"பையைத் தூக்கிப் பரணுல ஒளிச்சு வச்சது நான்தான்" என்று அவளே சொல்லிவிட்டாள். ஏன் என்பதையும் சொன்னாள். அழகுபாண்டி ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, "அந்தக் கதவை நான்தான் போட்டேன். கெட்டிக் கதவு" என்றார்.

ராம்கி விடவில்லை. "உளி இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்? ஆசாரி வந்து கதவை ஒடச்சிருப்பான். வேற கதவு போட்டிருப்போம். அதுக்காக எல்லாரும் வீட்டுல உளி வாங்கி வைக்க முடியுமா?"

"உள்ள மாட்டுனது நீயில்ல, நான்" என்றாள் சீனியம்மாள். "நான் பாவாடையோட நிக்கிறேன், நீ ஆசாரியக் கூப்பிடுறேங்குற. போடா அங்கிட்டு."

திவ்யா அப்போதுதான், அன்றைக்கு முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தாள். சில்லுப் போன மரப்பிடி உளியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். "அவரு சொல்றதுலயும் ஒண்ணு இருக்கு அத்தை. இரும்பு உளியும் பஞ்சும் வீட்டுல இருக்கணும், அதுல நான் மாற மாட்டேன். ஆனா இந்த மர உளி நெசமா நமக்குத் தேவையில்ல. நான் என்ன கதவா செய்யப் போறேன்? பாக்க அழகா இருந்துச்சுன்னு ஆசைப்பட்டு வாங்குனது. இதைத் தீட்டிக் கம்பெனியிலயே வச்சுக்கிறேன்."

"ஆசைப்பட்டு வாங்குனது வீட்டுல இருந்தா என்ன? காப்பித்தூளே வாங்காத வீட்டுல நான் ஃபில்டர் வச்சிருக்கேன்ல? தீட்டி எடுத்துட்டு வா. வாயில மட்டும் ஏதாச்சும் உறை போட்டு வை."

திவ்யாவின் அடுத்த விடுமுறை நாளில் ராமக்காள், கால் பிசகியதைக் கேள்விப்பட்டு வந்தாள். சிவப்புப் பெட்டி முன்னறையிலேயே திறந்து கிடந்தது. குளியலறைக்குப் புதுத் தாழ்ப்பாள் மாட்டுவதற்காகத் திவ்யா உள்ளே கதவில் அளவு குறித்துக்கொண்டிருந்தாள். ஆணிக்கு இடம் பார்த்து அவள் தட்டுகிற சத்தம் முன்னறை வரை வந்தது. ராமக்காள் பெட்டியையும் சீனியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தூக்கி எறியச் சொன்னேன்ல சீனி?"

"எறியல மதினி. எறியவும் மாட்டேன். அன்னைக்கு அது இல்லாட்டி நான் உள்ளயே கெடந்திருப்பேன்."

"அது இருக்கப் போயித்தான் நீ விழுந்த. முதல்ல பிள்ளைக்குக் கை, இப்ப உனக்குக் கால். இன்னும் என்ன ஆகணும்?"

சீனியம்மாள் காலை நீட்டி, வீக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"அவன் விழுந்தது ரோட்டுல" என்றாள் கடைசியில். "ஜல்லில. நான் விழுந்தது என் அவசரத்துல. அந்தப் பிள்ளை கொண்டு வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மதினி. இனிமே அதைப் பத்திப் பேச வேணாம். அவ காதுல விழுந்தா நல்லாயிருக்காது."

ராமக்காள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் போய்விடவில்லை. கொண்டுவந்த அதிரசத்தைத் தட்டில் எடுத்து வைத்து, கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று சொல்லி, டீயும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், "உன் வீடு, உன் மருமக" என்றாள்.

அவள் போன பிறகு வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. ராம்கி அலங்காநல்லூருக்குத் தோட்டம் பார்க்கப் போயிருந்தான். புதுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று திவ்யா திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து நின்றாள். ராமக்காளிடம் சொன்னதெல்லாம் மனதறிந்து சொன்னதுதான். இருந்தாலும் தெருமுனையில் வண்டி விளக்கு ஒவ்வொன்றாகத் திரும்புவதும், அது வேறு யாரோவாக இருப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவளால் உள்ளே போக முடியவில்லை.

"கால ஊனாதீங்கன்னு சொன்னேன்ல அத்தை? யாரைப் பாக்குறீங்க?" திவ்யா கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

"மழை வருதான்னு பாத்தேன்."

திவ்யா ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளை உட்கார வைத்தாள். தானும் நிலையில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூறல் போட ஆரம்பித்தபோது ராம்கியின் வண்டி வந்தது. அவன் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கி, "என்ன, ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறீங்க?" என்று கேட்டான்.

"குழம்பு ஆறிப் போச்சு. கைகால் கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு, சீனியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.